பெட்டியின் விலையா, ஆட்டத்தின் விலையா?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் உள்ள வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் நிறுவனம் கட்டியிருக்கும் மகளிர் விடுதியில் 13 கட்டடங்கள் இருக்கின்றன. கட்டடத்துக்கு 240 அறைகள், அறைக்கு 6 பேர். மொத்தம் 18,720 பேர் தங்கலாம். 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்த விடுதி, பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்களுக்காகக் கட்டப்பட்டது. அதே பாக்ஸ்கான்தான் சீனாவில் சோனிக்குப் பிளேஸ்டேஷனையும் நின்டெண்டோவுக்கு அதன் விளையாட்டுக் கருவிகளையும் பல ஆண்டுகளாகப் பூட்டித் தந்திருக்கிறது.

ஆறு பேர் படுத்தெழும் ஓர் அறையில் டிவியோடு சேர்த்து ஆடும் கன்சோலை வைப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சொந்தமாக ஒரு டிவி வேண்டும். அதை மாட்டச் சுவர் வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்தவள் உறங்க, அடுத்த ஷிப்டுக்குப் போகிறவள் கிளம்ப, இருவருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு மணி நேரம் வேண்டும். ஊருக்குப் போகும்போது வைத்துப் பூட்ட அலமாரி வேண்டும். பெட்டியின் விலையைப் பற்றிய பேச்சு இவ்வளவும் இருந்த பிறகுதான் தொடங்குகிறது. கன்சோல் விற்பனையை நகர்த்துவது விலைக் குறைப்பா, நல்ல கேம்களா என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாற்பது ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். அந்தக் கேள்வியை இந்த அறையிலிருந்து கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் உலகச் சந்தை சொல்லும் சாட்சியங்களைப் பார்த்துவிடுவோம். 2011 பிப்ரவரியில் நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவி ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஆறே மாதத்தில் விலையை 15,000 யென்னாக இறக்கினார்கள். நிறுவனத்தின் தலைவர் சடோரு இவாடா பொறுப்பேற்றுத் தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். முழு விலை கொடுத்து முன்பே வாங்கியவர்களுக்கு மனம் ஆறட்டும் என்று 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். விற்பனை உடனே எழுந்தது. விலைக் குறைப்பின் வெற்றிக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை என்று தோன்றும். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் 'சூப்பர் மாரியோ 3டி லேண்ட்' வந்தது, டிசம்பரில் 'மாரியோ கார்ட் 7' வந்தது, ஜப்பானியர்கள் வரிசையில் நின்று வாங்கும் 'மான்ஸ்டர் ஹன்டர்' வந்தது. கடைசியில் 3டிஎஸ் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. இந்த ஏழரைக் கோடியில் விலைக்கு எவ்வளவு பங்கு, மாரியோவுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது எளிதல்ல. விலைக் குறைப்பு வாங்குகிறவர்களிடம் மட்டுமா பேசியது? கேம் உருவாக்குகிறவர்களிடமும் பேசியது என்றே நினைக்கிறேன். 'இந்தக் கருவியை நாங்கள் கைவிடப் போவதில்லை, கூட்டம் சேரும், நம்பி வேலை செய்யுங்கள்' என்ற வாக்குறுதி அதில் இருந்தது.

விலை மட்டும் தனியாக நின்ற இடங்களும் உண்டு. அதே நின்டெண்டோ 2003 செப்டம்பரில் கேம்கியூப் கன்சோலை அமெரிக்காவில் 150 டாலரிலிருந்து 100 டாலருக்கு இறக்கியது. அந்தப் பண்டிகைக் காலத்தில் விற்பனை துள்ளியது, அடுத்த ஆண்டு அடங்கியது. வாழ்நாள் முழுக்க விற்றது 2 கோடியே 17 லட்சம். அதைவிட விலை கூடுதலாக நின்ற பிளேஸ்டேஷன் 2 பதினைந்து கோடியைத் தாண்டியது. மறுபக்கம், 2017இல் 300 டாலருக்கு வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் அமெரிக்காவில் எட்டு ஆண்டுகள் விலை இறங்கவே இல்லை. 2025 ஆகஸ்டில் ஏறியது. அதுவும் பதினைந்து கோடியைக் கடந்துவிட்டது.

இந்தச் சிக்கலை எண்களால் பிரித்துப் பார்த்தவர்களில் மேத்யூ கிளெமென்ட்ஸ், ஹிரோஷி ஓஹாஷி இருவரும் முக்கியமானவர்கள். 1994 முதல் 2002 வரையிலான அமெரிக்கக் கன்சோல் சந்தையை ஆராய்ந்து 2005இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, விவாதத்தையே காலவரிசையாக மாற்றிப் போட்டது. கருவி வந்த புதிதில் விலைதான் விற்பனையைத் தூண்டுகிறது. வயது ஏற ஏற விலையின் பலம் குன்றி, கேம்களின் எண்ணிக்கையும் வகையும் தூண்டுகின்றன. யோசித்தால் புரிகிறது. முதல் ஆண்டில் கேம்கள் குறைவு, ஆர்வம் அதிகம்; காசு மட்டுமே தடை. நான்காம் ஆண்டில் வாங்கக்கூடியவர்கள் வாங்கிவிட்டார்கள். தயங்கி நிற்பவர்களை இழுக்க அவரவர் ருசிக்கு ஒரு கேம் வேண்டும்.

இன்னொரு ஆய்வு 2009இல் வந்தது. ஜெரோன் பிங்கன், ஸ்டெஃபான் ஸ்ட்ரெமெர்ஷ் இருவரும் உச்சநட்சத்திர கேம்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை வெளியான முதல் ஐந்து மாதங்களில் கன்சோல் விற்பனை சராசரியாக 14 சதவீதம், அதாவது சுமார் 1,67,000 பெட்டிகள், கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். தொழில் நடத்துகிறவருக்கு 14 சதவீதம் பெரிய எண். ஆனால் 'ஒரே கேம் கன்சோலையே தூக்கி நிறுத்தும்' என்று மேடையில் பேசப்படுவதற்கு அது எட்டாத தொலைவில் இருக்கிறது.

இந்த ஆய்வுகளின் கவனத்தை மதிக்கிறேன். ஆனால் இவற்றின் அடியில் சொல்லாமல் இரண்டு அனுமானங்கள் கிடக்கின்றன. பெட்டியை வாங்குகிறவரும் அதில் ஆடுகிறவரும் ஒருவரே, அல்லது ஒரே மனத்தினர் என்பது ஒன்று. பெட்டி வாங்கியவர் கேம்களை அச்சடித்த விலைக்குக் கடையில் வாங்குவார் என்பது மற்றொன்று. அமெரிக்காவின் நடுத்தர வீட்டுக்கு இவை பொருந்தலாம். தமிழ்நாட்டில் இரண்டுமே பொருந்தியதில்லை.

1990களின் வீடியோ கேமை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.  இந்தியாவில் பரவலாக வந்தவை நின்டெண்டோவின் நகல்கள். மீடியா, டெர்மினேட்டர் என்று வெவ்வேறு பெயரில், ஏறக்குறைய ஒரே உள்ளீட்டோடு. 'காசெட்' என்று நாம் சொன்ன அந்த மஞ்சள், கறுப்பு அட்டைகளில் மாரியோவும் கான்ட்ராவும் வாத்து சுடுவதும் இருந்தன. அட்டையின் மேல் 9999 கேம்கள் என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேம்களே திரும்பத் திரும்பப் பெயர் மாறி வரும். அதற்காக யாரும் கோபப்பட்டதாக நினைவில்லை. தெருவில் நாலு வீட்டில் பெட்டி இருந்தால் நாலு காசெட், மாற்றி மாற்றி ஆடலாம். உலகம் முழுக்கக் கன்சோல் நிறுவனங்கள் லாபம் பார்த்த இடமான கேம், இங்கே ஏறக்குறைய இலவசமாக இருந்தது.

அந்தப் பெட்டிகளில் ஒரு வகை கம்ப்யூட்டர் கீபோர்டு வடிவில் வந்தது. கூடவே டைப்பிங் சொல்லித்தரும் காசெட் ஒன்று. கடைக்காரர் பையனிடம் கான்ட்ராவைக் காட்டுவார், அப்பாவிடம் டைப்பிங்கைக் காட்டுவார். இந்தச் சிறு காட்சியை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். நம் வீடுகளில் காசு கொடுக்கிறவர் வேறு, ஆடுகிறவர் வேறு. காசு கொடுக்கிறவருக்கு ஆட்டம் ஒரு காரணமே அல்ல. பல நேரங்களில் மறுப்பதற்கான காரணம். ஆகவே பெட்டி வீட்டுக்குள் நுழைய வேறொரு காரணம் தேவைப்பட்டது. படிப்பு, செய்தி, சினிமா, பேச்சு, ஏதாவது ஒன்று. அந்தக் காரணத்தின் முதுகில் ஏறித்தான் ஆட்டம் உள்ளே வந்தது.

பிளேஸ்டேஷன் 2 அந்த முதுகை டிவிடியில் கண்டது. 2000ஆம் ஆண்டு ஜப்பானிலேயே அதைப் பலர் படம் பார்க்கும் கருவியாக வாங்கினார்கள். சென்னைக்கு வந்தபோது அதோடு இன்னொரு சொல்லும் சேர்ந்துகொண்டது: 'சிப் போட்டது'. ரிச்சி தெருவில் பெட்டியைத் திறந்து ஒரு சிப்பைப் பற்றவைத்தால், நகல் டிஸ்க்குகளும் ஓடும். அப்படிச் சிப் போட்ட பிஎஸ் 2தான் புறநகரங்களின் கேம் சென்டர்களில் உட்கார்ந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, ஒரு பழைய டிவி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மல்யுத்தமும் கிரிக்கெட்டும். ஈஏ நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'கிரிக்கெட் 07' அதன் கடைசிக் கிரிக்கெட் கேம். அதற்குப் பிறகு ரசிகர்களே புது அணிகளையும் புதுச் சட்டைகளையும் சேர்த்துச் சேர்த்துப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள். கேம் ஈர்க்கவில்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஈர்ப்பு கன்சோலின் விற்பனையாக மாறவில்லை. மணிக்கணக்கு வாடகையாக மாறியது.

நிறுவனங்கள் ஏன் இந்தியாவுக்கென்று விலையை இறக்கவில்லை என்று கேட்கலாம். அதற்குக் கன்சோல் தொழிலின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெட்டியை அடக்க விலைக்கோ அதற்குக் கீழேயோ விற்பார்கள். விற்கும் ஒவ்வொரு கேமிலும் உரிமத்தொகை வாங்கி ஈடுகட்டுவார்கள். 2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதைப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை நிறுவனம், 600 டாலர் பெட்டிக்குள் 800 டாலருக்கு மேல் அடக்கம் இருப்பதாக மதிப்பிட்டது. பிறகு சில்லுகள் சிறிதாகும், இரண்டு சில்லு ஒன்றாகும், மின்சாரம் குறையும், குளிர்விக்கும் பாகங்கள் இளைக்கும். அந்த மிச்சத்திலிருந்துதான் விலைக் குறைப்பு பிறக்கும். 2009இல் மெலிந்த பிஎஸ் 3 அமெரிக்காவில் 300 டாலருக்கு வந்தது இப்படித்தான்.

இந்தக் கணக்கின் உயிர் கேம் விற்பனையில் இருக்கிறது. சிப் போட்ட பெட்டிகள் நிறைந்த ஊரில் நட்டத்துக்குப் பெட்டி விற்றால் அந்த நட்டம் திரும்பி வராது. அதனால் அமெரிக்காவில் மானியம் பெற்ற பெட்டி இந்தியாவில் சுமையோடு வந்தது. 2007 ஏப்ரலில் பிஎஸ் 3 இங்கே 39,990 ரூபாய்க்கு அறிமுகமானது. அதே பெட்டியின் அமெரிக்க விலை அன்றைய டாலர் மதிப்பில் சுமார் 25,000 ரூபாய். கிளெமென்ட்ஸும் ஓஹாஷியும் சொன்ன முதல் கட்டம், விலை தூண்டும் கட்டம், இந்தியாவில் கன்சோலுக்கு அமையவே இல்லை. முதல் படியில் கால் வைக்காதவர்களிடம் இரண்டாம் படியைக் கட்டித் தந்து பயன் என்ன?

ஆனாலும் கட்டிப் பார்த்தார்கள். 2006 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாப்ட் அக்‌ஷய் குமாரையும் யுவராஜ் சிங்கையும் விளம்பரத்துக்கு அழைத்தது. யுவராஜ் பெயரிலேயே ஒரு கிரிக்கெட் கேம் வந்தது. வெளிநாட்டில் பிரையன் லாராவின் பெயரில் விற்ற அதே கேம். சோனி 2009இல் இன்னும் ஆழமாகப் போனது. ஹைதராபாத் நிறுவனங்கள் பிஎஸ் 2க்காக உருவாக்கிய 'ஹனுமான்: பாய் வாரியர்', 'தேசி அட்டா' ஆகியவற்றை வெளியிட்டது. தேசி அட்டாவில் கபடியும் கில்லியும் பட்டம் விடுவதும் இருந்தன. நம் மண்ணின் ஆட்டத்தைக் கொடுத்தால் நம் மக்கள் வாங்குவார்கள் என்ற அந்த எண்ணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதில் மரியாதை இருந்தது. ஆனால் கில்லிக்குத் தேவை ஒரு குச்சியும் இன்னொரு சின்னக் குச்சியும். அதை டிவியில் ஆட யாருக்கு ஏக்கம் இருந்திருக்கும்? நகரத்துக்குக் குடிபெயர்ந்து மைதானத்தை இழந்தவனுக்கு இருந்திருக்கலாம். அவனிடம் அப்போது கன்சோல் இல்லை, போன் இருந்தது.

அந்தப் போன் ஸ்ரீபெரும்புதூரில் செய்யப்பட்டது. நோக்கியா ஆலை 2006இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 50 கோடிப் போன்களைத் தொட்டது. நேரடியாக வேலை செய்த 8,000 பேரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அங்கிருந்து வெளியேறிய எளிய மாடல்கள் பலவற்றில் பாம்பு கேம் இருந்தது. 1997இல் தனேலி அர்மான்டோ என்ற பின்லாந்துப் பொறியாளர் நோக்கியா 6110க்காக எழுதிய அந்த ஆட்டத்தின் வாரிசுகள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, ரேஷன் கடை வரிசையில், பிரசவ வார்டு வாசலில் என்று எங்கெங்கோ கட்டைவிரல்கள் அந்தப் பாம்பை வளர்த்தன. அந்தப் போனைப் பாம்புக்காக வாங்கியவர் ஒருவரும் இருக்க முடியாது. விலைக்காக, பேட்டரிக்காக, சில மாடல்களில் டார்ச்சுக்காக வாங்கினார்கள். பாம்பு கூட வந்தது. கன்சோல் என்று யாரும் அழைக்காத அந்த ஆலை, உலகின் பெரும் விளையாட்டுக் கருவி ஆலைகளில் ஒன்றாக இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதே நோக்கியா, கேமுக்காகவே போன் ஒன்றைச் செய்து பார்த்த கதை இதற்கு மூன்று ஆண்டுகள் முந்தையது. 2003 அக்டோபரில் 'என்-கேஜ்' வந்தது. விலை 299 டாலர். பேசுவதற்குப் போனைப் பக்கவாட்டில் திருப்பிக் காதில் வைக்க வேண்டும். கேமை மாற்றுவதற்குப் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். மூன்று வாரங்கள் முடிவதற்குள் அமெரிக்கக் கடைகள் 100 டாலர் தள்ளுபடி கொடுக்கத் தொடங்கின. அடுத்த ஆண்டு குறைகளைத் திருத்தி இன்னும் மலிவான மாடல் வந்தது. எதுவும் எடுபடவில்லை. கேமுக்காக வந்த போன் தோற்றது. வேறு காரணத்துக்காக வந்த போனில் இருந்த கேமைக் கோடிக்கணக்கானவர்கள் ஆடினார்கள். இரண்டும் ஒரே நிறுவனம். கன்சோல் ஆய்வுகள் கேட்காத கேள்வியை இந்த இரண்டு போன்கள் கேட்கின்றன. ஆட்டத்துக்கு முன்னால் அந்தக் கருவிக்கு வீட்டில் என்ன வேலை?

மலிவு மட்டும் போதாது என்பதற்கு ஒரகடத்திலேயே வேறொரு சான்று இருக்கிறது. கார் கதைதான், ஆனால் சொல்லாமல் போக மனமில்லை. ரெனோ–நிசான் கூட்டு ஆலையில் ஒரே அடித்தளத்தின் மேல் இரண்டு சிறு கார்கள் தயாராயின. 2015 செப்டம்பரில் வந்த ரெனோ க்விட் 2.57 லட்சத்தில் தொடங்கியது. 2016 ஜூனில் வந்த டட்சன் ரெடி-கோ அதையும்விடக் குறைந்த விலை. அடித்தளம் ஒன்று, ஆலை ஒன்று, மலிவானது ரெடி-கோ. ஓடியது க்விட். பெரிய வண்டியின் தோற்றமும் உள்ளே ஒரு தொடுதிரையும் அதற்கு இருந்தன. முதல் கார் வாங்குகிற குடும்பம் காரை மட்டும் வாங்குவதில்லை. தெருவில் நிறுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையையும் சேர்த்தே வாங்குகிறது. 'மலிவானது' என்பதையே முகவரியாக வைத்திருந்த டட்சனை நிசான் 2022 ஏப்ரலில் இந்தியாவில் நிறுத்திவிட்டது.

கருவியின் விலை சுழியமானால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2006இல் கருணாநிதி அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011இல் ஜெயலலிதா அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. கன்சோலுக்குத் தேவையான திரையும், கூடவே ஒரு கம்ப்யூட்டரும் ஏழை வீட்டுக்குள் அரசின் கையால் வந்தன. அந்த மடிக்கணினிகளில் மாணவர்கள் பாடமும் படித்தார்கள். பென்டிரைவில் கைமாறி வந்த 'வைஸ் சிட்டி'யும் 'கவுன்டர் ஸ்டிரைக்'கும் ஆடினார்கள். ஒரு தலைமுறைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு முதல் முப்பரிமாண நகரம் அந்த மடிக்கணினித் திரையில்தான் விரிந்தது. இதைச் சீரழிவு என்று பேசியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கீபோர்டில் கை பழகியது, ஆங்கில மெனுக்கள் பழகின, கோப்புகளை எங்கே போட வேண்டும், எதை அழித்தால் எது நிற்கும் என்பதெல்லாம் பழகின. எந்த வகுப்பும் சொல்லித்தராத பாடம் அது. இங்கும் வரிசை அதேதான். படிப்பு என்ற காரணத்தில் கருவி வந்தது. ஆட்டம் காசில்லாமல் வந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகு இந்த வரிசை முழுமை பெற்றது. பப்ஜி மொபைல், ஃப்ரீ ஃபயர் இரண்டும் பதிவிறக்கக் காசு கேட்கவில்லை. துப்பாக்கிக்குச் சாயமும் சட்டைக்கு மினுக்கும் வேண்டுமென்றால் மட்டும் காசு, அதுவும் சில்லறையாக. கன்சோல் நிறுவனம் பெட்டியில் கொடுத்த மானியத்தை இவர்கள் ஆட்டத்தில் கொடுத்தார்கள். 2020 செப்டம்பரில் அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை. பப்ஜியின் இந்திய வடிவம் 2021இல் வந்து, 2022இல் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023இல் திரும்பியது. ஒரு கேம் தடை செய்யப்பட்டபோதெல்லாம் ஆடுகிறவர்கள் அடுத்ததற்கு நகர்ந்தார்கள். போன் அவர்கள் கையிலேயே இருந்தது. கன்சோல் உலகில் கேமும் பெட்டியும் ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன. மாரியோ வேண்டுமென்றால் நின்டெண்டோதான் வாங்க வேண்டும். போனில் அந்தக் கட்டு இல்லை. எட்டாயிரம் ரூபாய் போனிலும் எண்பதாயிரம் ரூபாய் போனிலும் அதே தீவில்தான் குதிக்கிறார்கள்.

இப்போது விடுதி அறைக்கு, அதைவிடச் சற்று வசதியான ஒரு தொழிலாளியின் வாடகை வீட்டுக்கு, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரத்துக்கும் ஊதிய உயர்வுக்குமாக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. அப்போது சிஐடியு தொழிற்சங்கம் சொன்ன சராசரி மாத ஊதியம் 25,000 ரூபாய். அந்த ஆலையில் குளிர்பெட்டியும் சலவை இயந்திரமும் டிவியும் செய்கிறார்கள்; கன்சோலை மாட்ட வேண்டிய அதே டிவி. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022 நவம்பரில் 54,990 ஆனது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். சரி, தவணையில் வாங்கலாம். பல வீடுகளில் பைக்கும் ஃப்ரிட்ஜும் அப்படித்தான் வருகின்றன. 2023 ஜூலையில் 7,500 ரூபாய் தள்ளுபடியும் கொடுத்தார்கள். தடை பெட்டியோடு முடிவதில்லை. அப்போது புது கேம் ஒன்று 4,999 ரூபாய். 25,000 சம்பளத்தில் அது ஆறு நாள் உழைப்பு. ஆண்டுக்கு நாலு கேம் வாங்கினால் ஒரு மாதச் சம்பளத்தில் ஐந்தில் நாலு பங்கு போய்விடும். 7,500 ரூபாய் தள்ளுபடியை இரண்டாவது கேம் விழுங்கிவிடுகிறது.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் கன்சோல் விற்பனையை நகர்த்தக்கூடிய விலை பெட்டியின் விலை அல்ல, ஆட்டத்தின் விலை. ஆட்டத்தின் விலை இறங்கிய ஒவ்வொரு முறையும் தமிழ்நாட்டில் கூட்டம் கூடியிருக்கிறது. காசெட் மாற்றிக்கொண்டபோது, சிப் போட்டபோது, பென்டிரைவில் வந்தபோது, போனில் இலவசமாக இறங்கியபோது. இவற்றில் முதல் மூன்றும் உரிமத்துக்கு வெளியே நடந்தவை. அவற்றைக் கொண்டாடச் சொல்லவில்லை. அந்தக் கேம்களை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு காசும் போய்ச் சேரவில்லை. ஆனால் தேவை இருந்தது என்பதற்கு அவற்றைவிடப் பெரிய ஆதாரம் வேறில்லை.

எதிர்வாதம் ஒன்றை மதித்தாக வேண்டும். பிஎஸ் 5க்கு இந்தியாவில் முன்பதிவு திறந்த அன்று, இருந்த சரக்கு சில நிமிடங்களில் தீர்ந்தது. விலை ஒரு ரூபாய் குறையாமலே. அப்படியானால் கேமும் அதன் புகழும் போதாதா? போதும், அந்த வட்டத்துக்கு. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் ஊழியர்கள், கடையிலேயே நேரத்தைச் செலவழித்து ஒவ்வொரு தலைமுறைக் கன்சோலையும் அறிந்தவர்கள், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் சொல்லிவைத்தவர்கள். அவர்களிடம் ஆய்வுகள் சொன்னதெல்லாம் அப்படியே பலிக்கும். ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களிடம் பலிக்காது. ஊதியம் மட்டும் காரணமல்ல. அவர்களுக்குச் சொந்த நேரம் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. பஸ்ஸில் முக்கால் மணி, சாப்பாட்டு வேளையில் பத்து நிமிடம், தூங்கப் போகும் முன் கால் மணி. டிவி முன் உட்கார்ந்து நாற்பது மணி நேரக் கதையை ஆடி முடிக்கும் ஓய்வை இந்த வேலை முறை தருவதில்லை. மைதானம், சுவர், ஓய்வு மூன்றும் இல்லாதவருக்குக் கை அகலத் திரையே போதுமானதாக அமைந்துவிடுகிறது. அதை ரசனைக் குறைவு என்று பேசுவது எனக்கு வலிக்கிறது.

மாதச் சந்தாவுக்கு நூற்றுக்கணக்கான கேம்களைத் திறந்துவிடும் முறையை நிறுவனங்கள் இப்போது கொண்டுவந்திருக்கின்றன. ஆட்டத்தின் விலையை உடைக்கும் நேர்மையான வழி அது. ஆனால் அதுவும் பெரும்பாலும் பெட்டி இருப்பவருக்கு. பெட்டியோ, முன்பு போல ஆண்டுக்கு ஆண்டு மலிவதில்லை. சில்லு சிறிதானால் விலை விழும் என்ற பழைய விதி தளர்ந்துவிட்டது. பிஎஸ் 5 விலை பல நாடுகளில் ஏறியிருக்கிறது, எக்ஸ்பாக்ஸ் 2025இல் அமெரிக்காவிலேயே இரண்டு முறை ஏறியது. விலைக் குறைப்பா, கேமா என்ற விவாதத்தில் முதல் பாதியே சந்தையை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது.

2023 ஜூலையில் 'வெண்பா' என்ற கேம் வெளிவந்தது. டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் உருவாக்கியது. அபி என்ற தமிழர் வடிவமைத்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு பெண், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விட்டுப்போன வரிகளைத் தன் கையால் கண்டுபிடிக்கிறாள். ஆடுகிறவர் இட்லித் தட்டை அடுக்க வேண்டும், புட்டுக்குழாயில் எது முதலில், எது பிறகு என்று நினைவுகூர வேண்டும். 2024இல் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேமாகத் தேர்ந்தது. வல்லம் வடகால் விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் பலர், வெண்பா தேடித் தவிக்கும் விடையைத் திரையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். இட்லித் தட்டில் குழி மேல் குழி வரக்கூடாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெண்பா வெளியானது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச், கம்ப்யூட்டர் ஆகியவற்றில்.